ஹைட்ஸ்வில் வீட்டுத் தட்டல்: சிறுமிகளின் குறும்பும் பழி சுமந்த பழைய குடித்தனக்காரரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1848 மார்ச் கடைசி வாரத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற குக்கிராமத்து வாடகை வீடு ஒன்றில் ராத்திரியானால் ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஆவிகளோடு பேசும் இயக்கம் பிறந்த கதையாக இதைப் பலரும் எழுதியாகிவிட்டது. அந்தச் சிறுமிகள் பிறகு புகழ் பெற்றதும், குடியில் விழுந்ததும், வறுமையில் செத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டில் சில வருடம் முன்பு குடியிருந்துவிட்டுப் போன ஜான் பெல் என்ற மனிதரைப் பற்றித்தான் யாரும் ஒரு பத்திக்கு மேல் எழுதுவதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளின் குறும்புக்கு ஊர் கூடி அவர் தலையில் கொலைப் பழியை வைத்தது. வழக்கமாக வரும் கேள்விகளை அவரை நடுவில் வைத்துப் பார்ப்போம்.

யார் இந்தக் குடும்பம்?

ஜான் ஃபாக்ஸ், கொல்லர். மனைவி மார்கரெட். பெரிய பிள்ளைகள் தனித்தனியே குடித்தனம் போயிருந்தார்கள். மகன் டேவிட் இரண்டு மைல் தள்ளி விவசாயம் பார்த்தார். மூத்த மகள் லேயா ராச்செஸ்டர் நகரில் சங்கீதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பெற்றோரோடு வீட்டில் இருந்தவர்கள் கடைக்குட்டிகள் இருவர்: மேகி, சுமார் 14 வயது, கேட், சுமார் 11. சொந்த வீடு கட்டி முடியும்வரை தங்கலாம் என்று 1847 டிசம்பரில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அதாவது கதை தொடங்கும்போது அந்தத் தெருவுக்கு அவர்கள் மூன்று மாதப் புதுசு.

சத்தத்தை எப்படிச் செய்தார்கள்?

ஆப்பிளும் நூலும்தான். படுத்துக்கொண்டே ஆப்பிளின் காம்பில் நூலைக் கட்டி, கட்டிலுக்குக் கீழே மேலும் கீழும் இழுத்து, மரத் தரையில் மோதவிட்டார்கள். யாராவது விளக்கோடு ஓடி வந்தால் நூலைச் சுருட்டிப் போர்வைக்குள் இழுத்துவிட வேண்டியதுதான். பிறகு கேட் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். விரல் மூட்டை ஒரு விதமாக அசைத்தால் சொடக்கு விழுகிறது. கால் விரலிலும் அதைச் செய்யலாம். பழகப் பழக, பாதம் அசைவது வெளியே தெரியாமலே சத்தம் எழுப்ப இருவருக்கும் கைவந்துவிட்டது. கால் கட்டிலின் மரச்சட்டத்திலோ பலகைத் தரையிலோ பட்டுக்கொண்டிருந்தால் மரம் அந்தச் சொடுக்கை வாங்கி அறை முழுக்கப் பரப்பும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிடிக்க முடியாது.

இவ்வளவையும் 40 வருடம் கழித்து மேகியே சொன்னார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெற்ற தாய்க்கே சந்தேகம் வரவில்லையா?

வரவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சூது வருமா என்ற நினைப்புதான். பல வீடுகளில் பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் இந்த நினைப்பே. பத்து நாளில் கையும் களவுமாகப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

மார்ச் 31 இரவில் என்ன நடந்தது?

பல நாளாகத் தூக்கம் கெட்டதால் எல்லோரும் அன்று விளக்கு வைத்தவுடனே படுக்கப் போனார்கள். சத்தம் தொடங்கியதும் கேட் கையைத் தட்டி, சாத்தானைக் கேலியாகக் கூப்பிடும் ஒரு பட்டப்பெயரைச் சொல்லி, ‘நான் செய்கிற மாதிரி செய்’ என்றாள். எத்தனை தட்டினாளோ அத்தனை திரும்பி வந்தது. மேகியும் தன் பங்குக்கு எண்ணச் சொன்னாள். மறுநாள் ஏப்ரல் 1. யாரோ நம்மை ஏப்ரல் ஃபூல் ஆக்கப் பார்க்கிறார்கள் என்று சிறுமி கேட் தானே சொன்னதாகத் தாயின் பெயரில் அச்சாகிப் பரவிய வாக்குமூலத்தில் வருகிறது. பிள்ளை தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

தாய் கேட்டார்: என் பிள்ளைகளின் வயதைச் சொல். ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான எண்ணிக்கையில் தட்டல் விழுந்தது. கடைசியில் நீண்ட இடைவெளி விட்டு, இறந்துபோன குழந்தைக்கு மூன்று தட்டல். அந்த மூன்றுதான் அவரை உடைத்திருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களின் வயது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அந்த இரவில் யோசிக்க அவருக்குத் தெம்பு இருந்திருக்காது. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் வினையைக் கொண்டுவந்தது: அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டால் அவர்கள் முன்னாலும் தட்டுவாயா?

‘டொக்.’

கொலைக் கதையைக் கட்டியது சிறுமிகளா?

இதைத்தான் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சிறுமிகளுக்குத் தெரிந்தது தட்டுவதும் தட்டாமல் இருப்பதும் மட்டுமே. வாயே திறக்காத ஒரு ‘ஆவி’யால் கதை சொல்ல முடியாது. பெரியவர்கள் கேட்டார்கள், அது ஆமோதித்தது. கதை முழுக்க இருந்தது கேள்விகளில்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு ரெட்ஃபீல்ட் அம்மாள். பிள்ளைகள் பயந்து கிடப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், தன் வயதைத் தட்டல் சரியாகச் சொன்னதும் முகம் மாறிக் கணவரைக் கூட்டிவந்தார். பிறகு டூஸ்லர் தம்பதி, ஹைட் தம்பதி, ஜுவெல் தம்பதி என்று வீடு நிறைந்தது. வில்லியம் டூஸ்லர் விசாரணை அதிகாரி மாதிரி கேள்வி கேட்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். அவரே முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீ மனிதனா? அமைதி. ஆவியா? தட்டல். உனக்கு இங்கே தீங்கு நடந்ததா? தட்டல். கொன்றார்களா? தட்டல். பணத்துக்காகவா? தட்டல். எவ்வளவு, நூறா, இருநூறா... ஐநூறில் தட்டல் விழுந்தது. எந்த அறை, எந்தக் கிழமை, எந்த ஆயுதம், எங்கே புதைத்தார்கள் என்று இப்படியே போய், விடிவதற்குள் ஒரு முழுக் கொலை தயார்: 31 வயதுள்ள, மூட்டை தூக்கிச் சாமான் விற்கும் வியாபாரி, கிழக்கு அறையில், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், கசாப்புக் கத்தியால் கழுத்தறுப்பு, மறுநாள் ராத்திரி நிலவறையில் பத்தடி ஆழத்தில் புதைப்பு. ஊரில் குறி கேட்கப் போகிறவர் தன் வீட்டுச் சங்கதியை எல்லாம் தானே கேள்வியாகக் கொட்டிவிட்டு, ‘அப்படியே புட்டுப்புட்டு வைத்தார்’ என்று திரும்பி வருவாரே, அதே கதைதான்.

அந்தப் பகுதியில் ஈரி கால்வாய் வழியாகப் போக்குவரத்து அதிகம். வியாபாரிகள் வருவார்கள், விற்பார்கள், போவார்கள். போனவர் எங்கே என்று யாரும் தேடப்போவதில்லை. அப்படியொரு ஆளைக் கொலையுண்டவராக வைத்தது யாருடைய மூளை என்று சொல்ல முடியாது. ஆனால் பெரியவர்களின் மூளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜான் பெல் பெயர் எப்படி வந்தது?

கொலை என்றால் கொலைகாரன் வேண்டும். அந்த வீட்டில் இதுவரை குடியிருந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்கள். சிலவற்றுக்கு அமைதி. பெல் என்றதும் தட்டல்.

ஏன் பெல்? 1843–44 வாக்கில் இருந்துவிட்டு, அதே வேன் மாவட்டத்தில் லயன்ஸ் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார். அன்றிரவு அறையில் இல்லை. டூஸ்லரும் பழைய குடித்தனக்காரர்தான். ஆனால் அவர்தானே கேள்வி கேட்கிறார். எதிரில் நிற்கிறவர் மேல் யாருக்குக் கைகாட்டத் துணிவு வரும்?

சிறுமிகளுக்கு பெல் யார் என்றே தெரிந்திருக்காது. பெயர் சொன்னவரின் குரல் எங்கே இறங்கியது, அறை எங்கே மூச்சைப் பிடித்தது என்பதை வைத்துத் தட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

அவரால் ஏன் மறுக்க முடியவில்லை?

மறுத்தார். கேள்விப்பட்டதும் தன் நடத்தைக்கு அக்கம்பக்கத்தார் பலர் கையெழுத்திட்ட நற்சான்றுப் பத்திரத்தோடு வந்தார். கொலைகாரன் இல்லை என்று ஒரு மனிதன் ஊரில் கையெழுத்து வாங்கித் திரிய வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். காவல்துறை கேட்கவில்லை, நீதிமன்றம் கூப்பிடவில்லை. அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவே இல்லை. பதிவாகியிருந்தால் விடுதலையாவது ஆகியிருப்பார்.

செத்தவர் பெயரும் உறுதியில்லை, ஊரும் இல்லை, காணவில்லை என்று தேடி வந்த மனைவி மக்களும் இல்லை. இல்லாத ஒருவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவது எப்படி? அசல் கொலை வழக்கில் சிக்கியவருக்குக்கூட இதைவிட வழி உண்டு.

ஆனால் சாட்சி இருந்ததாமே?

இருந்தது, லுக்ரீஷியா பல்வர் என்ற பெண். பெல் வீட்டில் ஒரு குளிர்காலம் வேலை பார்த்தவர். ஒரு மூட்டை வியாபாரி வந்தார், அன்று தன்னைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சில நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள், பிறகு ஒரு நாள் நிலவறையில் மண் பொதபொதவென்று இருந்து கால் உள்ளே போயிற்று, எலி வளை என்று சமாளித்தார்கள் என்றார்.

இந்தச் சாட்சியம் தட்டல் செய்தி ஊரெல்லாம் பரவிய பிறகு வந்தது, நாலு வருடம் முந்தைய நினைவு. வேலைக்காரப் பெண்ணை நாலு நாள் வீட்டுக்கு அனுப்புவதும் நிலவறையில் எலி தோண்டுவதும் உலகத்தில் நடக்காத அதிசயமா? அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ‘கொலை’ என்ற சொல் காதில் விழுந்தபின் பழைய நினைவுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். இடையில் அதே வீட்டில் குடியிருந்த வீக்மன் குடும்பமும் தங்கள் காலத்தில் தட்டல் கேட்டதாகச் சொன்னது. அதுவும் பின்னால் சொன்னதுதான்.

இந்த வாக்குமூலங்களை எல்லாம் இ. இ. லூயிஸ் என்பவர் திரட்டி அந்த 1848ஆம் வருடமே சிறு நூலாக அச்சிட்டு விற்றார். ஃபாக்ஸ் தம்பதியின் வாக்குமூலத் தேதி ஏப்ரல் 11. சத்தம் கேட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் ஒரு வருடத்தில் அடங்கியிருக்கும். அச்சில் ஏறியதால் இன்றுவரை கிடைக்கிறது.

நிலவறையைத் தோண்டினார்களா?

தோண்டினார்கள். சனிக்கிழமை இரவு மட்டும் முந்நூறு பேர் வரை வந்ததாகச் சொல்கிறார்கள். மூன்றடி போவதற்குள் தண்ணீர் ஊறிக் குழி நிறைந்ததால் விட்டுவிட்டார்கள். பத்தடி ஆழத்தில் பிணம் என்று சொன்ன ‘ஆவி’க்கு அந்த மண்ணில் மூன்றடியில் நீர் வரும் என்று தெரியவில்லை. கோடையில் டேவிட் மறுபடி தோண்டியபோது கொஞ்சம் முடியும் எலும்புத் துண்டுகளும் கிடைத்ததாகச் சொன்னார்கள். குடும்பத்தார் சொன்னது, எந்த விசாரணைக்கும் அது போகவில்லை.

விஷயம் கைமீறியதும் பிள்ளைகள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?

எப்போது? தாய் நடுங்கி நின்றபோதா? முந்நூறு பேர் வாசலில் நின்றபோதா? ஏப்ரல் 1 காலையில் சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து ஒரு கொலையை ‘துப்பறிந்து’ முடித்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் கரி பூசும் துணிவு 11 வயசுக்கு வராது.

பிறகு லேயா வந்துவிட்டார். பிள்ளைகளை ராச்செஸ்டருக்குக் கூட்டிப்போய், 1849 நவம்பர் 14 அன்று கோரிந்தியன் ஹாலில் ஆளுக்கு 25 செண்ட் கட்டணம் வைத்து மேகியை மேடையேற்றினார்கள். அதன் பிறகு அது விளையாட்டு இல்லை, பிழைப்பு.

அந்தக் காலத்தில் யாருமே கண்டுபிடிக்கவில்லையா?

கண்டுபிடித்தார்கள். 1851இல் பஃபலோ நகர மருத்துவப் பேராசிரியர்கள் மூவர், கால் மூட்டுச் சொடக்குதான் இது என்று அறிவித்தார்கள். சகோதரிகளைக் கால் நீட்டி, குதிகால் மெத்தையில் படும்படி உட்கார வைத்ததும் ஆவிகள் மௌனவிரதம் பூண்டன. அதே வருடம் கல்வர் என்ற உறவுக்காரப் பெண்மணி, கால்விரல் வித்தையைச் சிறுமி கேட் தானே தனக்குச் சொல்லிக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தார். நம்ப விரும்பியவர்கள் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேகியின் ஒப்புதல் என்ன?

1888 அக்டோபர் 21. நியூயார்க் நகரின் ‘அகாடமி ஆஃப் மியூசிக்’ அரங்கம், கூட்டம் நிரம்பி வழிகிறது. மேகி காலணியைக் கழற்றிவிட்டுச் சிறு மரப்பலகை மேல் பாதத்தை வைத்தார். பார்வையாளரிலிருந்து மருத்துவர்கள் மேடைக்கு வந்து, மண்டியிட்டு, அவருடைய கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தார்கள். அரங்கம் முழுக்கத் தட்டல் கேட்டது. விரல்தான் என்று அவர்கள் உறுதி சொன்னார்கள். கேட் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் மேகியின் கையெழுத்தோடு முழு அறிக்கையும் வந்தது.

எல்லோரும் ஆப்பிளையும் நூலையும் எடுத்துக்கொண்டார்கள். நான் படிப்பது அதற்குக் கொஞ்சம் தள்ளி வரும் பத்தியை. வீட்டில் கொலை நடந்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தாரே முடிவு கட்டினார்கள், முன்பு குடியிருந்தவர்களின் பெயருக்காகச் சுற்றுவட்டாரத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள், கடைசியில் பெல் என்ற ஒருவரைப் பிடித்தார்கள், ஒரு பாவமும் செய்யாத அந்த மனிதரைக் கொலைகாரனாகப் பார்த்து ஊரே ஒதுக்கிவைத்தது – இதுதான் அவர் அங்கே சொன்னதன் சாரம்.

அந்த ஒப்புதலை நம்பலாமா? காசு வாங்கினாராமே?

நியாயமான கேள்வி. 1,500 டாலர் கைமாறியதாகச் சொல்வார்கள். அப்போது மேகிக்குப் பணக் கஷ்டமும் குடிப்பழக்கமும் இருந்தன, அக்கா லேயாவோடு கடும் பகை. ஆரம்பித்தபோது தனக்கு எட்டு வயது, கேட்டுக்கு ஆறரை என்று வேறு சொன்னார். உண்மை வயதில் கிட்டத்தட்ட பாதி. தன்னைக் குழந்தையாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அது. 1889இல் ஒப்புதலை வாபஸும் வாங்கிவிட்டார்.

ஆனாலும் மேடையில் எழுந்த சத்தத்தை வாபஸ் வாங்க முடியாது. பெல்லைப் பற்றிச் சொன்னதில் அவருக்கு ஒரு செண்ட் லாபமும் இல்லை. அதனால் அந்தப் பகுதியை நான் நம்புகிறேன்.

நம்மூருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சுற்றிவளைத்து ஒன்று உண்டு. இந்தத் தட்டலில் கிளம்பிய ஆவிமோகம் அமெரிக்கா முழுக்கப் பரவி, 1874இல் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீடு ஒன்றில் நடந்த ஆவிக் கூட்டங்களை எழுத கர்னல் ஆல்காட் போனார். பிளாவட்ஸ்கி அம்மையாரை அவர் சந்தித்தது அங்கேதான். மறுவருடம் இருவரும் முன்னின்று பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1882இல் அது அடையாற்றில் இடம் வாங்கியது.

அந்த வீடு இன்னும் இருக்கிறதா?

இல்லை. 1916இல் ஆவிநம்பிக்கையாளர்களின் குடியிருப்பான லில்லி டேலுக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1955இல் எரிந்துபோனது. ஹைட்ஸ்வில்லில் பழைய அஸ்திவாரம் மட்டும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

ஜான் பெல்லின் பெயர் எப்போதாவது துடைக்கப்பட்டதா?

1888இல் ஒரு வருடம் துடைக்கப்பட்டது என்று சொல்லலாம். மேகி வாபஸ் வாங்கியபோது ஆவி மறுபடி உண்மையானது. ஆவி உண்மையானால் கொலையும் உண்மை, பெல்லும் கொலைகாரன். வாபஸ் வாங்கியவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட் 1892இலும் மேகி 1893இலும் இறந்தார்கள்.

1904 நவம்பரில் அந்த நிலவறைச் சுவர் ஒன்று சரிந்து, பின்னால் எலும்புக்கூடு கிடைத்ததாகப் பாஸ்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. வியாபாரி கிடைத்துவிட்டார் என்று நம்பிக்கையாளர்கள் கொண்டாடினார்கள். சில வருடம் கழித்து அந்த எலும்புகளைப் பார்த்த மருத்துவர் ஒருவர் சொன்னதோ வேறு: சில விலா எலும்புகளும் துண்டு துணுக்குகளும்தான், நடுவில் கோழி எலும்பும் கலந்திருக்கிறது என்றார். முதல் செய்தி போன தூரத்துக்கு இந்த மறுப்பு போகவில்லை. ஆவிகளை நம்புகிறவர்களின் எழுத்துகளில் வியாபாரியைக் கொன்றவர் பெல்தான் என்று இன்றும் படிக்கலாம். மருத்துவர் சொன்ன கோழி எலும்பு அங்கே வருவதில்லை.